கேட்டதை மாற்றிச் சொன்ன பெட்டி

ஓய்வு பெற்றவனுக்குப் பழைய அலுவலகத்திலிருந்து போன் வந்தால், ஒன்று யாராவது செத்திருக்க வேண்டும். இல்லை, ஏதாவது மிஷின் செத்திருக்க வேண்டும். போன மாதம் எனக்கு வந்த போன் இரண்டிலும் சேராது. பாலக்காட்டில் நான் வேலை பார்த்த பால் ஒன்றியத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் பொறியாளர் பேசினார். நல்ல மரியாதை. பால் குளிரூட்டும் தொட்டிகளின் வெப்பநிலையைக் காட்டப் புதுத் திரை ஒன்று தயாராகிறதாம். நான் செய்த பழைய பெட்டிகளில் இருந்த ஒரு வசதி புதியதிலும் வேண்டும் என்று மேலே கேட்கிறார்களாம்.

"பால் ஊற்றும்போது திரையில் கட்டம் சிவப்பாகாமல் பச்சையாகவே நிற்குமாமே சார், அந்த லாஜிக் உங்களிடம் இருக்கிறதா?" என்றார்.

பக்கத்து வீட்டு ஜன்னலில் ஆள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். பாவம், அந்தப் பெண் என்ன செய்வார், கேட்கச் சொன்னதைக் கேட்டார். பிறகு நானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "என்ன நடந்ததுன்னு எழுதியாவது கொடுங்க சார், மேலே காட்டுறேன்" என்றார். அதற்காகத்தான் எழுதுகிறேன். அழகாக எழுத வராது. உள்ளதை எழுத வரும்.

நான் இடுக்கிக்காரன். அப்பா தேயிலை ஃபாக்டரியில் டிரையர் ஓட்டினார். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். ஐ.டி.ஐ. முடித்து, அதே ஃபாக்டரியில் எலக்ட்ரிகல் பிரிவில் ஏழு வருஷம். அதன் பிறகு பரீட்சை எழுதி பால் ஒன்றியத்தில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், எலப்புள்ளி என்று கிழக்குப் பாலக்காட்டின் பால் சங்கங்கள் அத்தனையும் என் பைக்குக்குத் தெரியும். அந்த ஊர்க்காரர்கள் கோயம்புத்தூர்த் தமிழில் "வாங்க, போங்க" என்று பேசுவார்கள். என் பேச்சைக் கேட்டுவிட்டு, "முத்து சாரு மலையிலிருந்து இன்னும் முழுசா எறங்கலீங்க" என்று சிரிப்பார்கள். முப்பது வருஷம் அப்படிப் போயிற்று.

வேலை என்னவென்று சொன்னால்தான் குற்றம் என்னவென்று புரியும்.

ஒவ்வொரு பெரிய சங்கத்திலும் ஒரு குளிரூட்டும் தொட்டி இருக்கும். இரண்டாயிரம் லிட்டர், பளபளவென்று எஃகு. சாயங்காலம் ஊற்றும் பால் இரவெல்லாம் அதில் நாலு டிகிரிக்கு ஆறிக் கிடக்கும். காலையில் அதன் மேலேயே புதுப் பாலை ஊற்றுவார்கள். கறந்த சூட்டோடு வருகிற பால் ஆறிய பாலில் சேர்ந்ததும் மொத்தமும் பத்தொன்பது, இருபது டிகிரிக்கு ஏறிவிடும். மூன்று மணி நேரம் கம்ப்ரஸர் ஓடினால் மறுபடி நாலுக்கு இறங்கும். மாலை நாலரைக்கு டேங்கர் வந்து எடுத்துப் போகும். அதற்குப் பிறகு கொதிநீர் விட்டுத் தொட்டியைக் கழுவ வேண்டும். இதுதான் தினசரி முறை.

தொட்டியின் வெப்பநிலையைக் கண்ட்ரோலர் என்கிற சின்னக் கருவி அளந்து, ஒரு சீரியல் கேபிள் வழியாகப் பக்கத்திலுள்ள பிரிண்டருக்குச் சொல்லும். பிரிண்டர் காகிதச் சுருளில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த எண்கள் பாலக்காட்டு அலுவலகத்தில் உட்கார்ந்த இடத்திலேயே தெரிய வேண்டும் என்று ஒன்றியம் முடிவெடுத்தது. கண்ட்ரோலர் விற்ற கம்பெனி, அதற்குத் தனிக் கருவி உண்டு என்று ஒரு விலை சொன்னது. கேட்டவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கை தூக்கினேன்.

என் யோசனை எளிமையானது. பிரிண்டருக்குப் போகிற கேபிளில் மூன்று கம்பிதான் முக்கியம். ஒன்றில் கண்ட்ரோலர் பேசும், ஒன்றில் கேட்கும், ஒன்று தரை. பேசுகிற கம்பியில் ஒரு கிளை எடுத்து ஒரு மைக்ரோகண்ட்ரோலருக்குக் கொடுத்தால், கண்ட்ரோலர் பிரிண்டரிடம் சொல்வதையெல்லாம் அதுவும் ஒட்டுக் கேட்கும். கேட்டதை சிம் கார்டு வழியாக இணையத்துக்கு அனுப்பும். முதல் போர்டைச் சுட்டேன். கேபிளில் வருவது பன்னிரண்டு வோல்ட், என் சில்லு தாங்குவது மூன்றே கால். தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் வோல்ட்டேஜைக் குறைக்க நடுவே வைக்க வேண்டிய ஐ.சி.யை வைக்காமல் கொடுத்துவிட்டேன். ஒரு பொட்டுப் புகை, கதை முடிந்தது. இரண்டாவது போர்டு வேலை செய்தது.

ஒரு விஷயத்தில் எனக்குப் பெருமை உண்டு. என் போர்டின் பேசுகிற காலை, அதாவது பின்னை, நான் எதிலும் பற்றவைக்கவே இல்லை. கட்டரால் வெட்டி எறிந்தேன். கிளைக் கம்பி வழியாக என் பெட்டி ஒரு எழுத்தைக்கூட உள்ளே அனுப்ப முடியாது. கண்ட்ரோலரையோ பிரிண்டரையோ அது குழப்பவே குழப்பாது. "காது மட்டும்தான் வச்சிருக்கேன், வாய் வைக்கல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். இணையத்தின் பக்கம் அதற்கு ஒரு வாய் இருக்கிறது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

பதினாறு சங்கங்களில் பதினாறு பெட்டி வைத்தோம். அலுவலகத்தில் மேனேஜரின் அறைச் சுவரில் பெரிய திரை. பதினாறு கட்டம். ஐந்து டிகிரிக்குக் கீழே இருந்தால் பச்சை, மேலே போனால் சிவப்பு.

அந்த மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வந்ததும் மேஜைக் கண்ணாடியைத் தன் கைக்குட்டையாலேயே துடைப்பார். யார் போனாலும் பால் விடாத கட்டன் சாயா வரும். விருந்தாளி வந்தால், அவர் திரையைப் பார்த்து உட்காரும்படி நாற்காலியைத் தானே திருப்பிப் போடுவார். மலையாளம் கலந்த தமிழில் "முத்து சேட்டா" என்றுதான் கூப்பிடுவார். ஒரு உத்தரவைக்கூட அவர் எழுதிக் கொடுத்ததில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே சொல்வார், இல்லையென்றால் போனில் சொல்வார். அதை அடக்கம் என்று நான் நினைத்தேன். என்னைப் போல முட்டாள் இருக்க முடியாது.

திரை வைத்த முதல் வாரமே வம்பு. காலையில் பால் ஊற்றினால் பதினாறு கட்டமும் சிவப்பு. சாயங்காலம் கழுவினால் சிவப்பு. இது இயற்கை. சூடான பாலை ஊற்றினால் சூடு ஏறத்தான் செய்யும். ஆனால் மேலிடத்தில் ஒருவர் தன் செல்போனில் இந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே காலைச் சாயா குடிப்பாராம். தினமும் எட்டு மணிக்கு அவர் மேனேஜரைக் கூப்பிட்டு, "என்னய்யா எல்லாம் ரத்தமாக இருக்கிறது?" என்பாராம்.

மேனேஜர் வராந்தாவில் என் தோளில் கை போட்டார். "முத்து சேட்டா, ஒரு சின்ன காரியம். ஊத்தும்போதும் கழுவும்போதும் சிவப்பு வேண்டா. பார்க்கிறவங்களுக்கு மனசிலாவில்ல. வெறுதே ஒரு பேடி."

பார்க்கிறவர்களுக்குப் புரியாதாம், வீண் பயமாம். சரி என்று பெட்டியில் ஒரு பொத்தான் வைத்தேன். பால் ஊற்ற ஆரம்பிக்கும்போதும் கழுவும்போதும் சங்கத்து ஆள் அதை அமுக்க வேண்டும். அமுக்கினால், கடைசியாகக் கேட்ட நல்ல எண்ணையே பெட்டி திரும்பத் திரும்ப அனுப்பும். உள்ளே உண்மையான சூடு ஏறி, மறுபடி ஐந்துக்குக் கீழே இறங்கிய பிறகு பழையபடி கேட்டதைச் சொல்லும். பாதுகாப்புக்காக நாலு மணி நேர வரம்பும் போட்டேன். அதற்குள் இறங்காவிட்டால் பொய்யை நிறுத்தி உண்மையைக் காட்டிவிடும். சங்கங்களில் அதற்குப் 'பச்சைப் பொத்தான்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

கோடை வந்தது. பாலக்காட்டுக் கோடையில் பால் ஆறுவதற்கு மூன்று மணி நேரம் போதாது. நாலு மணி நேர வரம்பு முடிந்ததும் பத்து மணிக்குக் கட்டங்கள் சிவந்தன. அப்போதுதான் மேலிடத்துக்காரர் ஒரு கூட்டத்தில் திரையைக் காட்டிக்கொண்டிருந்தாராம். அன்று மத்தியானம் போன் வந்தது.

"ஆ டைம் எடுத்து களஞ்ஞேக்கு, சேட்டா. நமக்குக் குழப்பம் வேண்டா."

அந்த நேர வரம்பை எடுத்துவிடு என்கிறார். ஒரே ஒரு வரி. அழித்தேன். பைக்கில் பதினாறு ஊருக்கும் போய், பதினாறு பெட்டியிலும் அழித்தேன். எழுத்தில் தாருங்கள் என்று கேட்கவில்லை. அப்படியானால் கம்ப்ரஸர் நின்றுபோனால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசிக்கவில்லை. இன்றைக்கும் அந்த நாளை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

திரை பச்சையாக இருந்ததால் அலுவலகத்துக்குத் தைரியம் வந்தது. ஆன்லைனில் தெரிகிறதே, பிரிண்டருக்குக் காகிதம் எதற்கு என்று சுருள் அனுப்புவதை நிறுத்தினார்கள். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆள் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் வந்து பார்த்து நோட்டில் எழுத வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதுவும் இனி வேண்டாம், காலை வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம், நாங்கள் இங்கிருந்தே பார்த்துக்கொள்வோம் என்றார்கள்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு சங்கம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் ருக்குமணி. ஐம்பதை நெருங்கிய பெண்மணி, சொந்தமாக நாலு மாடு. அவர் தொட்டி கழுவுவதை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். முதலில் பச்சைத் தண்ணீர், அடுத்து சோடாக் கரைசல், அடுத்து கொதிநீர். மூடியின் ரப்பரைக் கழற்றி அதன் பள்ளத்தில் விரலை விட்டுத் தேய்ப்பார். ரப்பரைக் கழற்ற வேண்டும் என்று எந்த விதியிலும் கிடையாது. கேட்டால், "அதுக்குள்ளதானுங்க நாத்தம் குடியிருக்குது" என்பார்.

அந்த நாளில் நான் ஊரிலேயே இல்லை. தங்கை மகள் கல்யாணத்துக்காக எஸ்டேட்டுக்குப் போயிருந்தேன். நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

காலை ஆறு மணிக்குப் பால் ஊற்ற ஆரம்பித்தபோது முறைப்படி ருக்குமணி பொத்தானை அமுக்கினார். இரவு முழுக்க நாலை ஒட்டியே இருந்த தொட்டி, அப்போது 3.9. எட்டரைக்கு எல்லாம் முடித்து, கம்ப்ரஸர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, பூட்டிக்கொண்டு போனார். சற்று நேரத்தில் கரன்ட்டின் மூன்று பேஸில் ஒன்று போயிற்று. கம்ப்ரஸர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது. கரன்ட் திரும்பினாலும் அது தானாக ஓடாது, சிவப்பு ரீசெட் பொத்தானைக் கையால் அமுக்க வேண்டும். கண்ட்ரோலரும் என் பெட்டியும் வேறு பேஸில் இருந்தன. இரண்டும் விழித்துக்கொண்டே இருந்தன.

நாலு மணிக்கு ருக்குமணி வந்து கதவைத் திறந்தபோது கம்ப்ரஸர் சத்தம் இல்லை. கண்ட்ரோலரின் முகப்பில் 24.1. உடனே ரீசெட்டை அமுக்கிவிட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"சார், தொட்டி இருவத்தி நாலு காட்டுதுங்க. மிசினு நின்னு கெடக்குதுங்க."

திரைக்கு முன்னால் இருந்தவர், "இங்க 3.9 தானேம்மா. பச்சையாத்தான் இருக்கு" என்றார்.

"நான் தொட்டிக்குப் பக்கத்துல நின்னு சொல்றனுங்க. நீங்க பாலக்காட்டுல இருந்துட்டு இல்லைங்கறீங்க."

"உங்க டிஸ்பிளே கேடாயிருக்கும். சர்வர்ல கரெக்டா இருக்கு."

நாலரைக்கு டேங்கர் வந்தது. பால் எடுக்க வந்தவர் சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்துச் சூடு காட்டினார். திரிந்துவிட்டது. ஆயிரத்து எண்ணூறு லிட்டர் பாலை ஊரே பார்க்கத் தென்னந்தோப்பு வாய்க்காலில் விட்டார்கள்.

மறுநாள் அலுவலகம் ஒரு முடிவுக்கு வந்தது. பகல் முழுக்க வெப்பநிலை 3.9. எனவே குளிரூட்டலில் குறை இல்லை. எனவே பால் கெட்டதற்குக் காரணம் அசுத்தம். எனவே தொட்டி கழுவப்படவில்லை. ருக்குமணிக்கு சஸ்பென்ஷன். சுத்தக் குறைவு காரணமாக என்று எழுதிய காகிதத்தைச் சங்கத்துப் பலகையில் ஒட்டினார்கள். மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. இதை மட்டும் எழுத்தில் கொடுக்க அவர்களுக்கு நேரம் இருந்தது.

அந்த ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பால் பாத்திரம் கழுவாதவள் என்று சொல்வது சின்ன விஷயமில்லை. அடுத்த நாள் அவர் தன் மாட்டுப் பாலைக் கொண்டுபோனபோது, அவர் கேனை மட்டும் இரண்டு முறை முகர்ந்து பார்த்தார்களாம். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவள், அவர் பால் ஊற்றிய அளவைப் பாத்திரத்தைக் கழுவித் தரச் சொன்னாளாம். இருபது வருஷம் ஒன்றாகப் பால் ஊற்றியவள்.

நான் திரும்பி வந்த அன்று மேனேஜர் கட்டன் சாயா வரவழைத்தார். "சேட்டா, அன்றத்தே கிராஃப் ஒண்ணு கலர்ல பிரிண்ட் எடுக்கணும். அன்வேஷணம் உண்டு." விசாரணைக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை அது. என் பெட்டிதான் சாட்சி.

கிராஃபைப் பார்த்தேன். உண்மையான தொட்டியின் சூடு ஒரு இடத்தில் நிற்காது. 3.8 ஆகும், 4.2 ஆகும், கம்ப்ரஸர் ஓடும்போது இறங்கும், நின்றால் ஏறும். இங்கே காலை ஆறிலிருந்து ராத்திரி வரைக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல 3.9. என் பொத்தான்தான். சூடு இறங்காததால் விடுபடாமலே கிடந்த பொத்தான்.

"சார், அஞ்சு மணிக்குத் தொட்டி காலி. கொதிதண்ணி ஊத்திக் கழுவியிருக்காங்க. அப்பவும் 3.9ன்னு காட்டுதே, பாக்கலியா?" என்றேன்.

"கழுவும்போது எப்பழும் அங்ஙனே தன்னே அல்லே?" என்றார். எப்போதும் அப்படித்தானே என்கிறார், சாயாவை ஆற்றிக்கொண்டே.

"அப்ப பகல்லயும் அப்படித்தான் இருந்திருக்கும், சார். அந்தம்மா மேல தப்பு இல்ல."

அவர் மேஜைக் கண்ணாடியைத் துடைத்தார். "சேட்டனு ரிட்டயர்மென்ட்டுக்கு இனி எட்டு மாசம் அல்லே உள்ளூ? பிரிண்ட் மட்டும் எடுத்தா மதி."

எட்டு மாதத்தை அவர் எண்ணி வைத்திருந்தார். அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு பெண்ணின் பெயர் கெடுகிறது, இந்த மனுஷர் என் ஓய்வு நாளை நினைவூட்டுகிறார்.

நேராகச் சங்கத்துக்குப் போனேன். பெட்டியைத் திறந்தேன். உள்ளே யாருக்கும் தெரியாத ஒரு மெமரி கார்டு இருந்தது. கோளாறு வந்தால் பார்ப்பதற்காக நான் எனக்கென்று வைத்துக்கொண்டது. பெட்டி ஒவ்வொரு நிமிஷமும் அதில் இரண்டு எண் எழுதும். முதலாவது, கம்பியிலிருந்து கேட்டது. இரண்டாவது, இணையத்துக்குச் சொன்னது. சோதனைக் காலத்தில் இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க நானே போட்ட பத்திகள். பிறகு நான் அதைத் திறந்து பார்த்ததே இல்லை.

லேப்டாப்பில் போட்டேன். ஒன்பது மணி: கேட்டது 18.9, சொன்னது 3.9. பதினொரு மணி: கேட்டது 20.6, சொன்னது 3.9. இரண்டு மணி: கேட்டது 22.8, சொன்னது 3.9. நாலு மணி: கேட்டது 24.1, சொன்னது 3.9.

கண்ட்ரோலர் பகல் முழுக்க, நிமிஷத்துக்கு ஒருமுறை, பால் கெடுகிறது பால் கெடுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. பிரிண்டரில் காகிதம் இல்லை. பார்க்க ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கேட்டது என் பெட்டி ஒன்றுதான். அது கேட்டுவிட்டு, நான் சொல்லிக்கொடுத்த பொய்யைச் சொன்னது.

ருக்குமணியின் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று சொன்னேன். பொத்தான் எப்படி வேலை செய்கிறது, எந்த வரியை அழித்தேன், கார்டில் என்ன இருக்கிறது, எல்லாம். அவர் கையிலிருந்த தட்டைப் போட்டு முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஏனுங்க, அந்தப் பொட்டிக்கு இருவத்தி நாலுன்னு தெரிஞ்சிருக்குது. அப்புறம் எதுக்குங்க மூணு ஒம்பதுன்னு சொல்லுச்சு?"

"நாந்தாம்மா அப்படிச் சொல்ல வச்சேன்."

"எதுக்குங்க?"

மேலிடத்தில் ஒருவர் சாயா குடிக்கும்போது சிவப்பு தெரியக் கூடாது என்பதற்காக. இதை அந்தம்மாவின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டி வந்தது. சொன்னேன்.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். தலைவராக ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி, விவசாயிகள் சார்பில் ஒருவர், மூன்றாவது மேனேஜரே. குற்றம் சாட்டியவரே நீதிபதி. ருக்குமணிக்கு உட்கார நாற்காலி போடவில்லை. நானும் உட்காரவில்லை. இரண்டு பத்திகளையும் அச்செடுத்து மேஜையில் வைத்தேன்.

தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகு நேரம் படித்தார். "இந்த மாதிரி பொத்தான் வைக்க யார் சொன்னது?" என்றார்.

"மேனேஜர் சார் சொன்னாங்க. நேர வரம்பு வேண்டாம்னும் அவங்கதான் சொன்னாங்க."

மேனேஜர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். "எழுத்தில் வல்லதும் உண்டோ, சேட்டா?"

எழுத்தில் ஒன்றும் இல்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். அடக்கம் என்று நான் நினைத்ததன் அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது.

எனக்கு மெமோ வந்தது. அனுமதியின்றி மென்பொருளை மாற்றியதாக. மீதி எட்டு மாதத்தையும் ஸ்டோரில் பழைய மோட்டார்களை எண்ணிக் கழித்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை, எனக்கு வேண்டியதுதான். அனுமதி வாயால் கொடுக்கப்பட்டது என்பதும், கொடுத்தவர் அதே அறையில் அதே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்பதும்தான் இன்றுவரை ஜீரணமாகவில்லை.

ருக்குமணியைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். உத்தரவை நானே படித்தேன். தொழில்நுட்ப முரண்பாடு காணப்பட்டதாகவும், மனிதாபிமான அடிப்படையில் அவரை மீண்டும் பணியில் சேர்ப்பதாகவும் எழுதியிருந்தார்கள். மனிதாபிமானம்! தப்பே செய்யாத பெண்ணுக்கு மன்னிப்புக் கொடுக்கிறார்கள். அவர் தொட்டியைக் கழுவினார் என்று ஒரு சொல் அதில் இல்லை.

உத்தரவை நான்தான் கொண்டுபோனேன். படித்துக் காட்டியதும் அவர் கேட்டார்.

"வேலை இருக்கட்டுங்க. நான் தொட்டி கழுவுலைன்னு பலகையில காயிதம் ஒட்டுனாங்கில்லீங்க? கழுவுனேன்னு ஒரு காயிதம் ஒட்டுவாங்களா?"

அலுவலகத்தில் கேட்டேன். அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றார்கள். விஷயத்தைக் கிளறாதீர்கள் என்றார்கள். பழைய காகிதத்தைக் கிழித்துவிடச் சொல்கிறோம், போதாதா என்றார்கள். இதையும் எழுத்தில் கொடுக்கவில்லை.

நான் என் கையாலேயே எழுதினேன். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. அன்று தொட்டி கழுவப்பட்டிருந்தது, பால் கெட்டது கம்ப்ரஸர் நின்றதால், அது பாலக்காட்டுக்குத் தெரியாமல் போனது இந்தப் பெட்டி பொய் சொன்னதால், அப்படிப் பொய் சொல்லும்படி பெட்டியைச் செய்தவன் நான். அடியில் இரண்டு பத்திகளையும், மணிவாரியாக, கேட்டது என்றும் சொன்னது என்றும் தலைப்புப் போட்டு ஒட்டினேன். சாயங்காலம் பால் ஊற்றும் நேரமாகப் பார்த்துச் சங்கத்துக்குப் போனேன்.

பலகையில் பழைய காகிதம் அப்படியே இருந்தது. கிழிக்கப் போனேன். ருக்குமணி தடுத்தார்.

"அது இருக்கட்டுங்க. பக்கத்துல ஒட்டுங்க. ரெண்டையும் படிக்கட்டும்."

ஒட்டினேன். கேனோடு நின்றவர்கள் வரிசையை விட்டு வந்து கூடினார்கள். ஒரு ஆள் எண்களை உரக்கப் படித்தார். பதினொரு மணி, இருபது புள்ளி ஆறு, மூணு புள்ளி ஒன்பது. "அட, தெரிஞ்சுக்கிட்டே சொல்லலையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அளவைப் பாத்திரத்தைக் கழுவித் தரச் சொன்ன அந்தப் பெண்ணும் கூட்டத்தில் இருந்தாள். தலையை நிமிர்த்தாமல் படித்துவிட்டு, போய் வரிசையில் நின்றுகொண்டாள். யாரும் ருக்குமணியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அவர் மட்டும் பலகைக்குப் பக்கத்தில் வந்து, என் காகிதத்தை மேலிருந்து கீழ் வரைக்கும் விரல் வைத்துப் படித்தார். நிதானமாக. கடைசி வரியில் விரல் நின்றது.

"ஏனுங்க சார்," என்றார், "எம் பேரு அந்தக் காயிதத்துல இத்தாம் பெருசா போட்டிருக்குது. உங்க பேர மூலையில எறும்பாட்ட எழுதியிருக்கறீங்க?"

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. நான் வேண்டுமென்று அப்படி எழுதவில்லை. ஆனால் எழுதியது நான்தான். என் பையில் தடிமனான மார்க்கர் ஒன்று இருந்தது, கேபிள்களில் நம்பர் போடுவதற்கு. அதை எடுத்தேன். ருக்குமணி பாலை அளக்கத் திரும்பிப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அவர் பெயர் இருந்த அளவுக்கு என் பெயரை, இனிஷியலோடு, வேலையின் பெயரோடு எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்தார்.